குழலை அளந்த பிறகுதான் அச்சு: கருமருந்து ரைஃபிள் கேள்வி–பதில்

கருமருந்து எனும் பழைய வகை வெடிமருந்தில் சுடும் ரைஃபிள்கள் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈயக் குண்டும் அதை வார்க்கும் அச்சும் பற்றியவை. பதில்களுக்குள் போகுமுன் அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். கிரெய்ன் என்பது எடை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் சொல்வதுபோல் 'தௌ' என்றே எழுதுகிறோம். குழலின் உட்புறம் சுழன்றோடும் வரிகளுக்குப் புரி என்று பெயர்; அவற்றில் உயர்ந்து நிற்பது மேடு, தாழ்ந்திருப்பது பள்ளம். 50 காலிபர் என்றால் எதிரெதிர் மேடுகளுக்கு இடையே சுமார் அரை அங்குலம்.

கேள்வி: குழலின் வாய்வழியாகக் கருமருந்தும் குண்டும் கெட்டிக்கும் 50 காலிபர் ரைஃபிள் ஒன்று பழையதாக வாங்கினேன். உருண்டைக் குண்டு போடுவதா, நீளக் குண்டு போடுவதா? விற்றவருக்கே தெரியவில்லை.

அதை விற்றவரைக் கேட்க வேண்டியதில்லை, குழலே சொல்லிவிடும். புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதை, அதாவது முறுக்கை, வைத்துத்தான் குண்டின் வடிவம் முடிவாகிறது. உருண்டைக்கு மெதுவான முறுக்கு போதும். 50, 54 காலிபர்களில் 60 முதல் 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால் அது உருண்டைக்காகவே செய்த குழல். 28 முதல் 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டுக்கானது. 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமரசம்.

அளப்பது எளிது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோலை உள்ளே விட்டு அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதே கோலைக் குழலுக்கு வெளியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பழைய துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் உள்ளேயே கிடப்பது புதிதல்ல. பிறகு, கைப்பிடி தனியாகச் சுழலும் சுத்தக் கோல் ஒன்றின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றி, அடிவரை தள்ளுங்கள். கோலின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு, குழல் வாயை ஒட்டியும் ஒரு குறி வையுங்கள். மெல்ல வெளியே இழுக்கும்போது கோல் புரியோடு சேர்ந்து திரும்பும். கால் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் வெளியே வந்தது என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள். 12 அங்குலம் வந்தால் 48, 16.5 வந்தால் 66. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. துணி வழுக்கினால் கணக்கு தப்பும்.

முறுக்கு தெரிந்துவிட்டால் எவ்வளவு நீளமான குண்டைத் தாங்கும் என்பதற்கு ஆங்கிலக் கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த சூத்திரம் இன்றும் போதும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு வரும். திருப்பிப் போட்டால் குழல் தாங்கும் நீளம் வரும். 50 காலிபருக்கு: 66 அங்குல முறுக்கு 0.57 அங்குல நீளம் வரைதான் தாங்கும். 48 அங்குல முறுக்கு 0.78 வரை; 28 அங்குல முறுக்கு 1.34 வரை. இதில் கவனிக்க வேண்டியது, சூத்திரம் கேட்பது நீளத்தை, எடையை அல்ல. கூர்முனைக் குண்டும் தட்டைமுனைக் குண்டும் ஒரே எடையில் இருந்தாலும் கூர்முனை நீளமாக இருக்கும், வேகமான முறுக்கைக் கேட்கும்.

ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் கிரீன்ஹில்லுக்கு முன்பே இதைச் சோதனை மூலம் பிடித்துவிட்டார். 0.451 அங்குல அறுகோணக் குழல், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 530 கிரெய்ன் நீளக் குண்டு. 1860இல் விம்பிள்டன் துப்பாக்கி சுடும் போட்டியைத் தொடங்கிவைக்க விக்டோரியா மகாராணி சுட்டது தாங்கியில் பூட்டிய விட்வொர்த் ரைஃபிளால்தான். 400 கஜத்தில் குண்டு மையத்திலிருந்து இரண்டு அங்குலம்கூட விலகவில்லை.

கேள்வி: என் குழல் 66 அங்குல முறுக்கு, 50 காலிபர். உருண்டை அச்சு 0.490, 0.495 என்று இரண்டு கிடைக்கிறது. எதை வாங்குவது?

0.490. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

உருண்டைக் குண்டு குழலைத் தொடுவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துணிதான் புரியைப் பிடிக்கிறது, வாயுவை அடைக்கிறது, குண்டைச் சுழற்றுகிறது. எனவே குண்டின் விட்டத்தோடு துணியின் தடிமனை இருமடங்காக்கிக் கூட்டினால் பள்ளத்தின் அடிவரை எட்ட வேண்டும், அல்லது மிக நெருங்க வேண்டும். மேடுகளுக்கு இடையே 0.500, பள்ளம் பக்கத்துக்கு 10 தௌ ஆழம் என்றால் பள்ள விட்டம் 0.520. 0.490 குண்டு, 15 தௌ துணி: 0.490 + 0.030 = 0.520. கச்சிதம். 0.495 போட்டால் 10 தௌ துணி வரை மெலிந்தால்தான் கையால் ஏறும். அப்போது கூட்டுத்தொகை 0.515, அதோடு மெல்லிய துணி சீக்கிரம் எரியும். இலக்குப் போட்டிக்காரர்கள் 0.495உம் தடித்த துணியும் போட்டு, சிறு சுத்தியலால் தட்டி இறக்குவார்கள், நன்றாகவே சுடும். காட்டில் இரண்டாவது குண்டை அவசரமாகக் கெட்டிக்க வேண்டியவருக்கு அது தலைவலி.

மற்ற காலிபர்களுக்கும் இதே வழிதான். குழலைவிட 5 முதல் 10 தௌ குறைவாக எடுங்கள். 36க்கு 0.350 (65 கிரெய்ன்), 45க்கு 0.440 (128 கிரெய்ன்), 54க்கு 0.530 (224 கிரெய்ன்). உங்கள் 0.490 சுத்த ஈயத்தில் 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம் நிற்கும். ஆனால் குழலில் பொறித்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 50 என்று பொறித்த குழல் உள்ளே இரண்டு மூன்று தௌ கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். குழல் வாயில் எதிரெதிர் மேடுகளுக்கு இடையே காலிப்பர் எனும் தாடை அளவுகோலை வைத்து அளந்துவிட்டு அச்சுக்கு ஆர்டர் கொடுங்கள்.

துணி இறுக்கமாக நெய்த பருத்தி அல்லது லினன் மட்டுமே. பாலியெஸ்டர் கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும். சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், செயற்கை நூல் சுருண்டு மணியாகும். கடைத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்துக் காயவைத்த பிறகே தடிமனை அளக்க வேண்டும், அதுவும் காலிப்பர் தாடைகளை நன்றாக அழுத்தி.

குண்டும் துணியும் பொருந்துகிறதா என்பதற்குச் சுட்ட துணியைவிட நல்ல சாட்சி கிடையாது. இலக்குத் திசையில் பத்து இருபது அடி நடந்தால் கிடக்கும், பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கரிய வட்டம், சுற்றி மேடுகளின் தடம் மங்கிய கோடுகளாக, ஓரம் லேசாகப் பிசிறியது: எல்லாம் சரி. கரிய வட்டத்தின் விளிம்பில், அதாவது குண்டு குழலைத் தொடும் வளையத்தில், எரிந்த ஓட்டைகள் இருந்தால் வாயு பக்கவாட்டில் கசிகிறது; துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. கத்தியால் கிழித்தது போன்ற நேர்க்கோட்டு வெட்டுகள் மேட்டுத் தடங்களிலேயே விழுந்தால் புதுக் குழலின் கூரிய மேடுகள் அல்லது குழல் வாயின் விளிம்பு குற்றவாளி. துணியே கிடைக்கவில்லை, கருகிய நூல்தான் கிடைத்தது என்றால் அளவு மொத்தமும் தப்பு, முதலிலிருந்து பாருங்கள்.

வார்த்த உருண்டையில் வால் வெட்டிய தட்டையான இடம் ஒன்று இருக்கும். அதை நேர் மேலே, நடுவில் வைத்துக் கெட்டியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைப்பதுதான் இதில் முக்கியம்.

கேள்வி: 48 அங்குல முறுக்கு உள்ள 50 காலிபர் ஹாக்கன் வகை ரைஃபிளில் 370 கிரெய்ன் குண்டு 50 கஜத்தில் சரியாக விழுகிறது. 100 கஜத்தில் காகிதத்தில் சாவித் துளை மாதிரி ஓட்டை. மருந்தைக் கூட்டலாமா?

வேண்டாம். அது மருந்தின் குறை அல்ல. நீள்வட்ட ஓட்டை என்றால் குண்டு ஆடிக்கொண்டே போய்ச் சேருகிறது. அதன் நீளத்துக்கு உங்கள் முறுக்கு போதவில்லை. வேகம் கூடினால் சுழற்சியும் கொஞ்சம் கூடும் என்பது உண்மை, ஆனால் கனமான குண்டுக்கு மேல் மருந்தை ஏற்றுவது தயாரிப்பாளர் தந்த உச்ச வரம்பை மீறுவதில் முடியும். அந்த வரம்பு உருண்டைக்கு ஒன்று, நீளக் குண்டுக்கு அதைவிடக் குறைவான இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குட்டையான குண்டுக்கு மாறுங்கள். அச்சு செய்யும் லீ நிறுவனத்தின் 'ரியல்' வகை அச்சில் இந்தக் காலிபருக்கு 250, 320 கிரெய்ன் என இரண்டு அளவு உண்டு. 250 உங்கள் குழலுக்குத் தோதானது. 320 எல்லைக்கோட்டில் நிற்கும்.

கேள்வி: என்ஃபீல்ட் மாதிரி 577 ரைஃபிளுக்கு மினியே அச்சு வாங்கினேன். குண்டு குழலுக்குள் தானாகச் சறுக்கிக்கொண்டு விழுகிறது, சுட்டால் இலக்கில் அடுப்புக்குப் பின்னால் சிதறிய கரி மாதிரி எங்கெங்கோ படுகிறது. அச்சு மோசமா?

அச்சு மோசமில்லை, உங்கள் குழலுக்குச் சேரவில்லை. இந்த வகைக் குண்டில் அளவுதான் எல்லாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பிரெஞ்சு ராணுவத்தின் கிளோத்-எத்தியேன் மினியே 1840களின் இறுதியில் உருவாக்கிய குண்டின் அடிக்குழியில் ஓர் இரும்புக் குப்பி இருந்தது. வெடிக்கும்போது குப்பி உள்ளே ஏறி ஈயத்தை விரிக்கும். அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையின் ஜேம்ஸ் பர்ட்டன் குப்பியே வேண்டாம், குழியின் சுவர் மெல்லியதாக இருந்தால் வாயு அழுத்தமே விரித்துவிடும் என்று காட்டினார். 1855இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது அந்த வடிவத்தை. இன்று 'மினியே' என்று விற்கும் அச்சுகள் எல்லாம் பர்ட்டன் வழி வந்தவை. கெட்டிக்கும்போது தளர்வாக இறங்க வேண்டும், சுடும்போது பாவாடை, அதாவது அடிக்குழியின் மெல்லிய சுவர், விரிந்து பள்ளத்தை நிரப்ப வேண்டும். பாவாடை விரியக்கூடியது மிகச் சிறிய அளவுதான். குண்டு குழலின் மேட்டு விட்டத்தைவிட 1 அல்லது 2 தௌ மட்டுமே குறைவாக இருக்க வேண்டும். 5 தௌ குறைந்தால் விரிவதற்குள் வாயு முந்திக்கொள்ளும். பள்ளத்தில் ஈயம் படியும், குண்டு போன போக்கில் போகும்.

ஆகவே குழலை அளங்கள். வாயிலே காலிப்பரால் அளப்பது போதாது. என்ஃபீல்டில் மூன்று பள்ளம், ஒரு மேட்டுக்கு எதிரே பள்ளம் வரும், காலிப்பர் ஏமாற்றும். பள்ளம் ஒற்றைப்படையாக இருக்கும் குழல்களுக்கு உள்விட்ட அளவுக்கம்பி எனும் பின் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்: 0.575, 0.576, 0.577 என ஒவ்வொரு தௌவாக ஏற்றிப் பாருங்கள், வாயில் நுழையும் கடைசி அளவுதான் உங்கள் மேட்டு விட்டம். அது 0.578 என்றால் உங்களுக்குத் தேவை 0.577 அல்லது 0.576 குண்டு. அச்சு அதைவிடப் பெரிதாக வார்க்கட்டும், பரவாயில்லை. எண்ணெய் தடவி அளவு வளையத்துக்குள் தள்ளிச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சிறிதாக வார்க்கும் அச்சை எதுவும் செய்ய முடியாது. அதனால் மினியே அச்சு வாங்கும்போது எப்போதும் பெரிய பக்கமே சாயுங்கள்.

ஈயம் சுத்தமாக இருக்க வேண்டும். வெள்ளீயமோ ஆண்டிமனியோ சேர்ந்தால் பாவாடை விறைத்துக்கொள்ளும். மருந்தும் அளவோடு: அமெரிக்க 58 காலிபர் மஸ்கெட்டின் ராணுவ அளவே 60 கிரெய்ன்தான். அதற்கு மிக அதிகமாகப் போட்டால் மெல்லிய பாவாடை குழல் வாயைத் தாண்டியதும் மணி போல விரிந்து கோணும். மணல் மேட்டில் தோண்டி எடுத்த குண்டைப் பார்த்தாலே தெரியும். பாவாடையில் காற்றுக்குமிழ் இருந்தாலும் அப்படியே. வார்த்தவுடன் ஒவ்வொன்றின் குழியையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுருக்கமோ ஊசி ஓட்டையோ கண்டால் திரும்பவும் பானைக்கே.

முறுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழலை மரக்கட்டையோடு பிணைக்க மூன்று பூண் போட்ட நீள என்ஃபீல்ட் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஐந்து பள்ளமுள்ள இரண்டு பூண் கடற்படை ரைஃபிள் 48. ஒரே குண்டு இரண்டிலும் ஒரே மாதிரி சுடாது.

கேள்வி: 1857இல் அத்தனை கலவரத்தைக் கிளப்பிய அந்தக் கொழுப்பு, குண்டுக்கு உண்மையிலேயே தேவைதானா? காரில் போடும் கிரீஸ் இருந்தால் போதாதா?

கொழுப்போ மெழுகோ கட்டாயம் தேவை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே எஞ்சும். என்ஃபீல்ட் தோட்டாவின் காகித உறையில் குண்டுப் பக்கம் தடவியிருந்தது அந்தக் கசடை மிருதுவாக்கி அடுத்த குண்டை இறங்கவைக்கத்தான். எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வியில் நாடே பற்றியது தனிக் கதை. பெட்ரோலிய கிரீஸ் கூடாது. கருமருந்தின் வெப்பத்தில் பலவும் தார் மாதிரி இறுகிவிடும். தேன்மெழுகையும் தாவர எண்ணெயையும் சம எடையில் உருக்கிக் கலந்தால் நல்ல தொடக்கம். வெயில் காலத்தில் ஒழுகினால் மெழுகைக் கூட்டுங்கள், குளிரில் விறைத்தால் எண்ணெயைக் கூட்டுங்கள்.

கேள்வி: கார்ச் சக்கரத்தில் மாட்டும் எடைக்கட்டிகளை உருக்கிக் குண்டு வார்க்கலாமா? பழைய பேட்டரித் தகடுகளும் நிறைய இருக்கின்றன.

பேட்டரி வேண்டவே வேண்டாம். அதன் தகடுகளில் ஆண்டிமனி, ஆர்சனிக், கால்சியம் எல்லாம் இருக்கலாம். அமிலத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொல்லும் வாயுக்கள் வர வாய்ப்புண்டு.

எடைக்கட்டி ஆண்டிமனி கலந்தது, சுத்த ஈயத்தைப் போல் இரண்டு மடங்கு கடினம். துணி சுற்றும் உருண்டைக்கு ஓரளவு ஒத்துக்கொள்ளும், விட்டம் ஒரு தௌ கூடிவரும் என்பதை நினைவில் வையுங்கள். மினியேவுக்கும், கெட்டிக்கும்போதே புரி பதிய வேண்டிய 'ரியல்', 'மேக்ஸி' வகைகளுக்கும் ஆகாது. இப்போது வரும் கட்டிகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கும். துத்தநாகம் உருகுவது 419 டிகிரி செல்சியஸில். பானையை 370ஐத் தாண்டவிடாமல் வைத்தால் ஈயம் உருகி அவை மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். ஒன்றிரண்டு உருகிக் கலந்துவிட்டால் அந்தப் பானை ஈயம் கூழாகி அச்சை நிரப்பாமல் அடம்பிடிக்கும்.

சுத்த ஈயமா என்பதற்கு நகம் போதும். அழுத்திக் கீறினால் தெளிவான பள்ளம் விழ வேண்டும். கல் தரையில் போட்டால் 'தொப்' என்று கேட்க வேண்டும், கணீரென்றால் கலவை.

கேள்வி: அலுமினியம், இரும்பு, பித்தளை மூன்றிலும் அச்சு வருகிறது. எதில் வாங்க?

முதல் அச்சு அலுமினியமாக இருக்கட்டும். சீக்கிரம் சூடேறும், கை வலிக்காது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் மிருதுவானது: குண்டின் வாலை வெட்டும் மேல் தகட்டை வறட்சியாக இழுத்தால் மேற்பரப்பு கீறும், பொருத்து முள்கள் தேய்ந்தால் இரு பாதிகளும் விலகி உட்காரும். முள்ளிலும் தகட்டின் கீலிலும் துளி மெழுகு தொட்டு வைத்தால் நாள்பட வரும். இரும்பு ஒருமுறை சூடானால் சூட்டைப் பிடித்துவைக்கும், பேரனுக்கும் மிஞ்சும். எண்ணெய் தடவாமல் ஒரு மழைக்காலம் விட்டால் போதும், உள்ளே துரு குழி பறித்துவிடும். பித்தளை இரண்டின் நல்லதும் சேர்ந்தது, எடையும் விலையும்தான் தடை.

உருண்டைக்கு இரட்டைக் குழி அச்சு வாங்குங்கள். அடிக்குழி உள்ள குண்டுக்கு ஒற்றைதான் நல்லது. அந்தக் குழியை உண்டாக்கும் நடுமுளையின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதே ஒரு வேலை.

கேள்வி: என் குண்டுகள் சுருங்கிப்போன நெல்லிக்காய் மாதிரி வருகின்றன. சில நாள் வெள்ளை பூத்து வருகின்றன. ஒரே அச்சு, ஒரே ஈயம். என்ன தவறு?

சூடு. இரண்டுமே சூட்டுக் கணக்கு, எதிரெதிர் திசையில்.

சுத்த ஈயம் 327.5 டிகிரியில் உருகும். வார்க்க 400 முதல் 430 வரை வேண்டும். ஆனால் பெரும்பாலும் குறைவது பானையின் சூடு அல்ல, அச்சின் சூடு. அச்சின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் அரை நிமிடம் தொட்டுப் பிடியுங்கள். எடுக்கும்போது ஈயம் ஒட்டாமல் வழிந்தால் தயார். எப்படிப் பார்த்தாலும் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு சுருங்கியே வரும், அவற்றைப் பார்க்காமலே பானையில் போடுங்கள். அதன் பிறகும் சுருக்கம் தொடர்ந்தால் அச்சுக்குள் எண்ணெய் இருக்கிறது. புது அச்சை வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஊற்றும் வரிசை இது. கசடை வாரி, பட்டாணி அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறுங்கள். புகை பற்றி எரியும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஒரே சீரான ஓட்டமாக ஊற்றி, துளைக்கு மேல் ஈயம் சிறு குளமாக நிற்கும்படி விடுங்கள். குழிக்குள் ஈயம் இறுகும்போது சுருங்கும். மேலேயுள்ள குளம்தான் அந்தக் குறையை நிரப்புகிறது. குளம் கண்ணாடி போலப் பளபளத்து நின்று, சட்டென்று ஒரு நொடியில் மங்கும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நொடி எண்ணி, மரக்கட்டையால் தகட்டைத் தட்டித் திருப்புங்கள். மங்குமுன் தட்டினால் ஈயம் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையே இழுபட்டுப் பூசிக்கொள்ளும், குண்டின் வால் குழியாகப் பிய்ந்து வரும். குண்டு விழாமல் ஒட்டிக்கொண்டால் கைப்பிடியின் கீல் ஆணியில் தட்டுங்கள். அச்சின் மேல் தட்டியவர் அடுத்த வாரம் புது அச்சு தேடுவார்.

வெள்ளை பூத்தது அச்சு அதிகச் சூடு என்பதன் அடையாளம். லேசான பூப்பு குண்டைக் கெடுக்காது, அளவும் எடையும் சரியாக இருந்தால் சுடலாம். ஊற்றும் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். குண்டின் இடுப்பில் துடுப்பு மாதிரி விளிம்பு வந்தால் அச்சின் இரு பாதிக்கு நடுவே ஈயத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அடிவிளிம்பு கூர்மையாக வராமல் உருண்டு வந்தால் தகடு அதிக இறுக்கம், காற்று வெளியேற வழியில்லை. திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

பானைக்குப் பக்கத்தில் தண்ணீர் வரவே கூடாது. உருகிய ஈயத்தின் அடியில் ஒரு சொட்டு போனால் ஆவியாகி வெடித்து மொத்தப் பானையும் முகத்தில் தெறிக்கும். வியர்வைத் துளி, ஈரக் கரண்டி, மழையில் நனைந்த ஈயக் கட்டி எல்லாம் இதில் சேர்த்தி. முகமூடிக் கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கை, மூடிய காலணி இல்லாமல் ஊற்ற வேண்டாம். திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கசடுத் தூசி படிந்த கையால். கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள், அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள். அடிக்கடி வார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அச்சில் 405 கிரெய்ன் என்று போட்டிருக்கிறது. எனக்கு எடை கூடுதலாகவும் விட்டம் குறைவாகவும் வருகிறதே?

அச்சு வெட்டியவர் மனதில் வைத்தது கலவை ஈயம். லைமன் அச்சுகளின் அளவெல்லாம் 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆண்டிமனிக்குச் சொன்னது. சுத்த ஈயம் அதைவிட அடர்த்தி, ஆறும்போது சுருக்கமும் கொஞ்சம் அதிகம். உங்கள் குண்டில் தவறு ஒன்றும் இல்லை.

கேள்வி: 45-70 தோட்டா ரைஃபிளில் கருமருந்தோடு சுட எந்த வகைக் குண்டு?

இது தோட்டாவில் அடைத்துப் பின்பக்கம் ஏற்றுவது. 1873இல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்தது. பெயரே சொல்கிறது: 45 காலிபர், 70 கிரெய்ன் கருமருந்து. அன்றைய குண்டு 405 கிரெய்ன், பிறகு 500. ராணுவ ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் 22 அங்குல முறுக்கு. இன்றைய ஷார்ப்ஸ் மாதிரி ரைஃபிள்கள் பலவும் 18. இரண்டுமே நீளக் குண்டைத் தாங்கும்.

இங்கே விட்டம் பள்ளத்துக்குச் சமமாகவோ 1 தௌ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பள்ளம் 0.458 என்றால் 0.458 அல்லது 0.459. எண்ணெய் பூசிய குழலில் பெரிய மிருதுவான ஈய உருண்டையைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் விட்டம் கிடைக்கும். கலவை 20க்கு 1 அல்லது 30க்கு 1 ஈயம்–வெள்ளீயம். ஒரு கிலோவுக்கு 20:1 வேண்டுமானால் 952 கிராம் ஈயம், 48 கிராம் வெள்ளீயம்.

கவனம் வைக்க வேண்டியது மெழுகுக் காடிகளில், அதாவது மெழுகு நிரப்பக் குண்டைச் சுற்றி ஓடும் பள்ள வளையங்களில். புகையில்லா மருந்துக்காக வடித்த அச்சில் காடி சின்னதாக, ஆழமில்லாமல் இருக்கும். அந்தக் குண்டில் குழலின் பாதி தூரத்திலேயே மெழுகு தீர்ந்துவிடும். கடைசி சில அங்குலத்தில் கசடு வறண்டு உறையும், ஐந்தாறு குண்டுக்குப் பிறகு சிதறல் தொடங்கும். அகலமும் ஆழமுமாக மூன்று நான்கு காடி உள்ள அச்சைப் பாருங்கள். சுட்ட பிறகு குழல் வாயில் மெழுகு நட்சத்திரம் போல் ஈரமாகப் படிந்திருந்தால் போதுமான மெழுகு போகிறது.

காகிதம் சுற்றும் குண்டு இன்னொரு வழி. 0.442 வழவழக் குண்டில் 2 தௌ காகிதம் இரண்டு சுற்று: நான்கு தடிமன், 8 தௌ, ஆக 0.450. மேட்டு விட்டத்தில் சரியாக உட்காரும். காகிதத்தின் இரு முனையும் சாய்வாக வெட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் இல்லாமல் சந்திக்க வேண்டும். நன்றாகச் சுடும், பொறுமை இருந்தால். தொடங்குபவருக்கு நாங்கள் காடிக் குண்டையே சொல்வோம்.

கேள்வி: ஈயம் தடை செய்த வேட்டைப் பகுதிகளில் என்ன செய்வது?

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. பிஸ்மத்–வெள்ளீயக் கலவையில் உருண்டை வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். துணிதான் புரியைப் பிடிக்கிறது என்பதால் கடினம் தடையில்லை. எடை குறையும்: ஈயத்தில் 177 நிற்கும் 0.490 உருண்டை சுத்த பிஸ்மத்திலேயே சுமார் 153 கிரெய்ன்தான். பிஸ்மத் இறுகும்போது விரியும், எனவே குண்டு பெரிதாக வரும், அச்சில் பிடித்துக்கொள்ளும். நொறுங்கும் உலோகம் என்பதால் மினியேவுக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: வார்த்த குண்டுகளை எல்லாம் எடை போட வேண்டுமா?

50 கஜத்தில் தகர டப்பா சுடுபவருக்கு வேண்டாம். 100 கஜத்தில் புள்ளி சேர்ப்பவருக்கு வேண்டும். ஐம்பது உருண்டையை எடை போட்டால் பெரும்பாலானவை ஓர் எடையைச் சுற்றி நெருங்கி நிற்கும். அதிலிருந்து அரை கிரெய்னுக்கு மேல் குறைந்தவற்றை ஒதுக்குங்கள். குறைவு என்றால் உள்ளே காற்றுக்குழி. கூடுதலாக வருவது அபூர்வம், வந்தால் அச்சு முழுதாக மூடாமல் ஊற்றியிருக்கிறீர்கள். 400 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளக் குண்டில் ஒன்றரை கிரெய்ன் வரை விட்டுக்கொடுக்கலாம்.

எடை பார்த்த குண்டையும் அரைகுறையாக இறக்கினால் பயனில்லை, ஆபத்தும்கூட. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும், சில நேரம் பிளக்கும். சரியான அளவு மருந்தும் குண்டும் அடிவரை இறங்கியபோது கோலில் குழல் வாயை ஒட்டி ஒரு கோடு செதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாய்க்கு வந்த பிறகே மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டுங்கள்.